முட்டையிடுவதா, காத்திருப்பதா? முதுகெலும்பற்ற உயிர்களின் இனப்பெருக்க முடிவுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழர் வாழும் பகுதிகளில் கொல்லைப்புறத்தில் கறிவேப்பிலை மரம் இல்லாத வீடு அரிது. அந்த மரத்தைத் தேடி வரும் வண்ணத்துப்பூச்சியைப் பற்றிச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரு மாணவி கேட்ட கேள்வியிலிருந்து வளர்ந்தது இந்தத் தொகுப்பு. பிள்ளைகளை அழைத்துப்போக வந்த பெற்றோரும், அவர்களோடு வந்த தாத்தாமாரும் ஆயாமாரும் தம் பங்குக்குக் கேட்டவை பின்னர் சேர்ந்துகொண்டன. வாய்மொழியாகச் சொன்ன விடைகளை ஒழுங்குபடுத்தி இங்கே எழுதியிருக்கிறேன்.

பூச்சியும் நத்தையும் "முடிவெடுக்கின்றன" என்று சொல்வது பொருந்துமா?

மனத்துக்குள் எடைபோட்டுப் பார்ப்பதைத்தான் முடிவெடுத்தல் என்று கொண்டால், பொருந்தும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. உயிரியலில் அந்தச் சொல்லின் பொருள் அதைவிடக் குறுகியது. ஓர் உயிருக்கு முன் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருக்க வேண்டும். சூழ்நிலையின் ஒரு கூறை மட்டும் நாம் மாற்றினால், அது தேரும் வழியும் மாற வேண்டும். இவ்விரண்டும் அமைந்தால் அது முடிவு. சூழ்நிலை எப்படி மாறினாலும் செயல் மாறாதென்றால், அதை வெறும் பழக்கம் என்றே சொல்லலாம்.

இதற்கு நான் வகுப்பில் எப்போதும் எடுத்துச் சொல்வது, நெதர்லாந்து நாட்டு விலங்கியலாளர் பேரெண்ட்ஸ் 1941ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு. அம்மோஃபிலா என்னும் மெல்லிடைக் குளவி மணலில் சிறு குழிகள் தோண்டி, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு முட்டையிட்டு, பொரிக்கும் புழுவுக்குக் கம்பளிப்புழுக்களைக் கொண்டுவந்து ஊட்டும். ஒரே சமயத்தில் இரண்டு மூன்று குழிகளைப் பராமரிப்பதும் உண்டு. காலையில் இரை எதுவும் கொண்டுவராமல் வெறுங்கையோடு ஒவ்வொரு குழியாகச் சென்று பார்வையிடும். உள்ளே கண்ட நிலைக்கேற்ப, அன்று அந்தக் குழிக்கு ஒன்றும் வேண்டாமா, இரண்டொரு புழு போதுமா, நிறையக் கொண்டுவந்து போட்டு வாயிலை நிரந்தரமாக அடைத்துவிடலாமா என்பது அமைந்துவிடும். காலைப் பார்வைக்கு முன்பே பேரெண்ட்ஸ் குழிக்குள் இருந்ததை மாற்றி வைத்தபோது, குளவியின் அன்றைய வேலையும் அதற்கேற்ப மாறியது. பார்வை முடிந்த பிறகு மாற்றியபோது அது எதையும் கண்டுகொள்ளவில்லை. காலையில் எடுத்த கணக்கின்படியே நாள் முழுவதும் நடந்துகொண்டது. முடிவு உண்டு, அது எடுக்கப்படும் நேரம் உண்டு, அதற்கு ஓர் எல்லையும் உண்டு என்பது இந்த ஒரே சோதனையில் தெரிந்துவிடுகிறது. கீழே வரும் ஒவ்வொரு விடையையும் இதே அளவுகோலை வைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

கறிவேப்பிலை மரத்துக்கு வரும் வண்ணத்துப்பூச்சி எந்த இலையில் முட்டையிடுவது என்பதை எப்படித் தேர்ந்தெடுக்கிறது?

கருஞ்சிறகில் மஞ்சள் புள்ளிகளோடு வரும் இந்தப் பூச்சி, தமிழ்நாட்டில் எலுமிச்சைச் செடிகளில் காணப்படும் வண்ணத்துப்பூச்சியின் ஆப்பிரிக்க உறவு. எலுமிச்சை, நாரத்தை, ஆரஞ்சு, கறிவேப்பிலை ஆகிய அனைத்தும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் முன்னோர் 1860ஆம் ஆண்டு முதல் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் அமைந்துள்ள நட்டாலுக்கு வந்து இறங்கிய பின் வீட்டுக்கு வீடு வேரூன்றிய கறிவேப்பிலையை, அதைப் பாட்டன் காலத்தில் பார்த்தே இராத இந்தப் பூச்சி ஏற்றுக்கொண்டதற்கு அந்த உறவுதான் காரணம்.

தாய்ப்பூச்சி குடிப்பது தேன். இலையைத் தின்னப்போவது அதன் குஞ்சு. தான் உண்ணாத ஒன்றைத் தன் பிள்ளைக்காகச் சுவைத்துப் பார்க்க வேண்டிய நிலை அதற்கு. முதலில் கண்ணாலும் மணத்தாலும் செடியை நெருங்குகிறது. இலையில் அமர்ந்ததும் முன்னங்கால்களால் தாளம் போடுவது போல வேகமாகத் தட்டுகிறது. அந்தக் கால்களின் நுனியில் சுவை அறியும் நுண்மயிர்கள் இருக்கின்றன. இலையின் மேற்பரப்பிலுள்ள வேதிப்பொருள்களை அவை உணர்கின்றன. இதே இனத்தொகுதியைச் சேர்ந்த ஜப்பானிய வண்ணத்துப்பூச்சி ஒன்றில், எலுமிச்சைக் குடும்ப இலைகளிலுள்ள சினெஃப்ரின் என்ற பொருளை உணரும் தனி ஏற்பியையே ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். சுவை ஒத்துப்போனால் வயிற்றை வளைத்து ஒரு முட்டையை ஒட்டும். ஒத்துப்போகாவிட்டால் எழுந்து பறந்துவிடும்.

முட்டைகளை ஒரே இடத்தில் குவிக்காமல் ஒவ்வொன்றாகப் பிரித்து வைப்பதும் ஒரு முடிவே. ஒரு தளிர் ஒரு புழுவுக்குத்தான் போதும். அதோடு, ஓரிடத்தைக் கண்டுபிடித்த எறும்போ குருவியோ எல்லா முட்டைகளையும் ஒரே மூச்சில் அழித்துவிட இயலாது. முட்டையிட்ட பின் தாய் திரும்பிப் பார்ப்பதில்லை. அதன் பராமரிப்பு முழுவதும் அந்த ஒரு தட்டலோடு முடிந்துவிடுகிறது. இளம்புழு பறவையின் எச்சம் போலத் தோற்றமளிப்பதும், தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறக் கொம்பை நீட்டி நாற்றம் வீசுவதும் தாய் இல்லாத குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன.

(செடி சிறியதென்றால் புழுக்களை எடுத்துப் பெரிய எலுமிச்சை மரத்தில் விட்டுவிடுங்கள். குழம்புக்குப் பறிக்கும் இலையில் மருந்து தெளிப்பது எனக்கு உடன்பாடில்லை.)

குளவி புழுவைக் கொட்டிக் கொட்டித் தன்னைப் போலவே ஆக்கிவிடும் என்று சைவச் சொற்பொழிவில் கேட்டேன். உண்மையா?

குருவின் அருளால் சீடன் குருவாகவே மாறுவதற்குச் சொல்லப்படும் அழகான உவமை அது. உவமையைப் பிறப்பித்த காட்சியும் உண்மைதான்: குளவி ஒரு பச்சைப்புழுவைத் தூக்கிக்கொண்டு மண்கூட்டுக்குள் நுழைகிறது, வாயிலை அடைக்கிறது, சில வாரம் கழித்து அதே கூட்டை உடைத்துக்கொண்டு ஒரு குளவி வெளிவருகிறது. இடையில் நடப்பதைப் பார்க்காதவர்கள் புழுவே குளவியாயிற்று என்று எண்ணியதில் வியப்பில்லை. நடப்பது வேறு. குளவியின் கொடுக்கு புழுவைக் கொல்லாமல் செயலிழக்கச் செய்கிறது. இறந்தால் அழுகிவிடும், அசைந்தால் முட்டையை நசுக்கிவிடும். உயிரோடு அசைவற்றுக் கிடக்கும் அந்த இரையோடு குளவி ஒரு முட்டையை வைத்து அடைக்கிறது. பொரிக்கும் குஞ்சு இரையைத் தின்று வளர்கிறது.

பிள்ளை பிறக்கும் முன்பே அதன் வாழ்நாள் சாப்பாட்டை முழுவதும் கட்டிவைத்துவிடும் இந்த முறையில், எவ்வளவு உணவு வைப்பது என்பதே பெரிய முடிவு. குறைத்து வைத்தால் குஞ்சு சிறுக்கும். கூட்டி வைத்தால் அடுத்த கூட்டுக்கான நேரம் வீணாகும்.

குளவிகள் கணக்கில் தடுமாறும் ஓர் இடமும் உண்டு. வட அமெரிக்காவிலுள்ள ஸ்ஃபெக்ஸ் என்ற குழிதோண்டும் குளவிகளில், சில சமயம் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே குழிக்கு வெட்டுக்கிளிகளைக் கொண்டுவந்து சேர்க்கும். ஒருநாள் இரண்டும் நேருக்கு நேர் சந்தித்தால் சண்டை மூளும். குழியில் மொத்தம் எத்தனை வெட்டுக்கிளி இருக்கிறதோ அதற்கேற்பச் சண்டையிடுவதே அறிவுக்குப் பொருந்தும். வென்றவளுக்கு எல்லாமே கிடைக்குமல்லவா? ஆய்வாளர்கள் டாக்கின்ஸும் பிராக்மனும் 1980ஆம் ஆண்டில் கண்டது வேறு. ஒவ்வொரு குளவியும் தான் கொண்டுவந்த எண்ணிக்கைக்கேற்பவே சண்டையை நீட்டித்தது; தோற்பது பெரும்பாலும் குறைவாகக் கொண்டுவந்தவள். இதுவரை போட்ட முதலைப் பார்த்து மேலும் முதல் போடும் வியாபாரியின் பிழை இது. ஆனால் குழியின் மொத்த இருப்பை எண்ண வழியில்லாத குளவிக்குத் தன் உழைப்பு ஒன்றே கைவசமுள்ள அளவு என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பிறப்பது ஆணா பெண்ணா என்பதையும் தாய் தீர்மானிக்க முடியுமா?

எறும்பு, தேனீ, குளவி ஆகியவற்றில் முடியும். பெண் தன் உடலில் ஆணின் விந்தணுக்களைச் சேமித்து வைத்திருக்கிறாள். முட்டை வெளிவரும்போது அதோடு விந்தணுவைச் சேர்த்தால் மகள், சேர்க்காவிட்டால் மகன்.

இந்த வசதியை அவை எப்படிப் பயன்படுத்துகின்றன என்பது சுவையானது. ஈக்களின் கூட்டுப்புழுவில் முட்டையிடும் நாசோனியா என்ற சிறு ஒட்டுண்ணிக் குளவியை எடுத்துக்கொள்வோம். ஒரு கூட்டுப்புழுவில் ஒரே தாய் முட்டையிட்டால், அங்கே பிறக்கும் ஆண்கள் தம் உடன்பிறந்தவர்களோடே இணைகின்றன. அப்படியானால் மகன்கள் பலர் இருப்பது வீண்; அவர்கள் தங்களுக்குள்ளேதான் போட்டியிடுவார்கள். எனவே அந்தத் தாய் பெரும்பாலும் மகள்களையே இடுகிறாள். ஏற்கெனவே வேறொருத்தி முட்டையிட்டுச் சென்ற கூட்டுப்புழுவுக்கு வந்தாலோ, மகன்களின் விகிதத்தைக் கூட்டுகிறாள்; இப்போது அந்த மகன்களுக்கு அயல்வீட்டுப் பெண்களும் கிடைப்பார்கள். இந்தக் கணக்கை உயிரியலாளர் ஹாமில்டன் 1967ஆம் ஆண்டில் தாளில் போட்டுக் காட்டினார். குளவிகளில் அதைச் சோதித்துப் பார்த்தது பிற்பாடு.

"அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை" என்னும் பழமொழியின் சொத்தையும் பெரும்பாலும் இதே கதைதான். அத்திக்குள் நெளிபவை அத்திக் குளவிகள். சிறகற்ற ஆண்கள் பிறந்த பழத்துக்குள்ளேயே இணைந்து முடிந்துவிடுகின்றன. அங்கும் மகள்களே மிகுதி.

தனித்து வாழும் மேசன் தேனீக்களில் உணவின் அளவும் பிறப்பது மகளா மகனா என்பதும் சேர்ந்தே மாறுகின்றன. பருவத் தொடக்கத்தில், இறக்கை தேயாத தாய் மிகுந்த மகரந்தம் சேர்த்துப் பெரிய மகள்களை வளர்க்கிறாள். வயதாகிச் சேகரிக்கும் திறன் குறையும்போது, குறைந்த உணவே போதுமான மகன்களுக்கு மாறுகிறாள்.

கேப் தேனீயைப் பற்றிக் கேள்விப்படுகிறோமே, அதில் என்ன சிறப்பு?

தென்னாப்பிரிக்காவின் தெற்கு முனையை ஒட்டிய பகுதிகளுக்கே உரிய தேனீ அது. இயல்பான தேனீக் கூட்டில் ராணி இருக்கும் வரை வேலைக்காரிகள் முட்டையிடுவதில்லை. மீறி ஒருத்தி இட்டால் மற்ற வேலைக்காரிகள் அதைத் தின்றுவிடுகின்றன. இணையாத வேலைக்காரியின் முட்டையிலிருந்து ஆண் மட்டுமே பிறக்கும் என்பது பொது விதி. கேப் தேனீயின் வேலைக்காரிக்கு இந்த விதி பொருந்தாது. ஆணின்றியே அவள் மகள்களைப் பெறுகிறாள், அந்த மகள்கள் ஏறக்குறைய அவளுடைய நகல்கள்.

இதனால் அவளுக்கு முன் ஒரு புதுவழி திறக்கிறது. ராணியின் பிள்ளைகளை வளர்ப்பதற்குப் பதிலாக, வேறொரு கூட்டுக்குள் நுழைந்து, தானே ராணி போல மணம் வீசி, தன் நகல்களை அக்கூட்டாரைக் கொண்டே வளர்க்கச் செய்யலாம். 1990ஆம் ஆண்டில் தேனீ வளர்ப்போர் கேப் தேனீக் கூடுகளை வடக்கே, வேறொரு தேனீயினம் வாழும் பகுதிக்குக் கொண்டுபோனபோது இதுதான் நடந்தது. நுழைந்தவர்கள் முட்டையிட்டார்களே தவிர, தேன் சேர்க்கவில்லை. உழைக்கும் கைகள் குறையக் குறையக் கூடுகள் ஒவ்வொன்றாக மடிந்தன. நுழைந்தவர்களின் வாரிசுகள் அடுத்த கூட்டுக்குப் போய்விட்டன. அங்கே பரவிய ஒட்டுண்ணித் தேனீக்கள் அனைத்தும் அந்த ஆண்டில் உயிரோடிருந்த ஒரே ஒரு வேலைக்காரியின் வழிவந்தவை என்பதை மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. இன்றும் கூடுகளை அந்த எல்லை தாண்டி நகர்த்துவதற்குச் சட்டத் தடை இருக்கிறது.

இதில் குற்றவாளி தேனீயல்ல என்பது என் எண்ணம். தன் ஊரில் கட்டுக்குள் இருந்த ஒரு முடிவை, அதைத் தடுக்கத் தெரியாத கூட்டாரிடம் லாரியில் ஏற்றிச் சென்று சேர்த்தது மனிதர்.

நண்டும் சிப்பியும் கருவை ஈன்றதும் செத்துவிடும் என்று தாத்தா சொல்வார். சரியா?

நண்டு, சிப்பி, மூங்கில், வாழை ஆகிய நான்கும் கருவளித்தால் அழியும் என்பது தமிழில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் கருத்து. நான்கில் மூங்கிலுக்கு அது நன்றாகப் பொருந்தும். பல மூங்கில்கள் ஒருமுறை பூத்ததும் மடிகின்றன. வாழையில் குலை தள்ளிய தண்டு சாகும், பக்கக்கன்று வாழும்.

நண்டுக்கும் சிப்பிக்கும் பொருந்தாது. தாய்நண்டு முட்டைகளை வயிற்று மடலுக்கடியில் ஒட்டிச் சுமக்கிறது. கடல் நண்டு பொரித்த குஞ்சுகளை நீரில் விட்டுவிடுகிறது. நட்டால் ஆறுகளிலுள்ள நன்னீர் நண்டோ, நண்டு வடிவத்திலேயே பொரிக்கும் குஞ்சுகளைச் சில காலம் அதே மடலுக்குள் வைத்துக் காக்கிறது. பிறகு தாய் மீண்டும் கருவுறலாம். மடலைத் திறந்தால் பொலபொலவென்று குஞ்சுகள் கொட்டும் காட்சியை யாரோ செத்த நண்டில் பார்த்து, தாயின் வயிறு வெடித்தது என்று எண்ணியிருக்கலாம். இது என் ஊகம் மட்டுமே. கடற்சிப்பி ஒரே பருவத்தில் கோடிக்கணக்கான முட்டைகளை நீரில் கொட்டிவிட்டு அடுத்த பருவத்துக்கும் உயிரோடிருக்கும். பல சிப்பிகள் இளமையில் ஆணாக இருந்து, உடல் பெருத்த பின் பெண்ணாக மாறுகின்றன. விந்தணுவுக்குச் சிறிய உடலே போதும், முட்டைக்குத்தான் பெரிய உடல் வேண்டும்.

தாத்தாவின் கூற்றுக்கு மெய்யான எடுத்துக்காட்டு வேண்டுமென்றால், டர்பன் கரையின் பாறையிடுக்குகளிலும் வாழும் ஆக்டோபஸ் எனப்படும் பேய்க்கணவாயைக் காட்டலாம். தாய் வாழ்நாளில் ஒரே முறை முட்டையிடுகிறது. குகைக் கூரையில் மாலை மாலையாகத் தொங்கும் முட்டைகளின் மேல் நீரைப் பீய்ச்சி, அழுக்கைத் துடைத்து, இரை தேடாமல் காவலிருக்கிறது. குஞ்சுகள் பொரிக்கும் வேளையில் மெலிந்து இறக்கிறது. கலிஃபோர்னியாவின் மான்டரே கடற்பள்ளத்தில், ஏறத்தாழ 1,400 மீட்டர் ஆழத்தில், ஒரே தாயை ஆய்வாளர்கள் 2007 முதல் 2011 வரை திரும்பத் திரும்பச் சென்று பார்த்தார்கள்; அது 53 மாதங்கள் அதே பாறையில் அடைகாத்தது. விலங்குலகில் நாம் அறிந்தவற்றுள் மிக நீண்ட அடைகாப்பு இதுவே.

பட்டினி அதன் விருப்பமா? 1977ஆம் ஆண்டில் வொடின்ஸ்கி வெளியிட்ட சோதனை இதற்கு விடை தருகிறது. அடைகாக்கும் தாயின் கண்களுக்கருகிலுள்ள பார்வைச் சுரப்பிகளை அவர் அகற்றியபோது, அது முட்டைகளைக் கைவிட்டது, மீண்டும் இரை தின்றது, மற்ற தாய்களைவிட நீண்ட நாள் வாழ்ந்தது. காத்தலையும் பட்டினியையும் மரணத்தையும் ஒரே சுரப்பி பிணைத்து வைத்திருக்கிறது. வாழ்வில் ஒரே முறை எடுக்கப்படும் முடிவு இது. எடுத்த பின் பின்வாங்கும் வழியை உடல் விட்டுவைக்கவில்லை.

அப்படியானால் ஒற்றைப் பிள்ளையோடு நிறுத்திக்கொள்ளும் பூச்சியும் உண்டா?

உண்டு, நம் மாகாணத்திலேயே. உருண்டை உருட்டும் சாணவண்டுகளுக்கு ஒரே ஒரு சூலகம்தான். அதிலும் முட்டை உருவாகும் குழல் ஒன்றே. பூச்சியுலகில் இதைவிடக் குறைந்த முட்டை ஏற்பாடு இருக்க முடியாது. கெஃபர் இனத்து வண்டில் பெண் ஓர் உருண்டையைப் புதைத்து, அதில் ஒரு முட்டையிட்டு, பல வாரங்கள் மண்ணுக்கடியில் அதனோடேயே தங்கிவிடுகிறது. ஆண் அதற்கு முன்பே போய்விடும். பெண் உருண்டையின் மேற்பரப்பைச் செப்பனிட்டுக்கொண்டும், பூஞ்சையும் பிற பூச்சிகளும் அண்டாமல் பார்த்துக்கொண்டும் இருக்கிறது.

சிப்பியின் கோடியும் வண்டின் ஒன்றும் ஒரே கணக்கின் இரு முனைகள். சாணம் அரிது, அதற்குப் போட்டி கடுமை, மண்ணுக்கடியிலோ ஆபத்து குறைவு. அங்கே ஒன்றைக் காப்பது இலாபம். கடலில் மிதக்கும் குஞ்சைத் தாயால் காக்கவே முடியாது. அங்கே எண்ணிக்கை ஒன்றே துணை. கிழக்கு கேப் மாகாணத்தின் ஆடோ யானைப் பூங்காவில், பறக்க இயலாத பெரிய சாணவண்டுக்கு வழிவிடச் சொல்லும் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் தன் உருண்டையோடு தங்கும் தாய்தான். யானைச் சாணத்தின் மேல் காரை ஏற்றக் கூடாது என்பதற்கு அதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

தந்தை வளர்ப்பது எதிலாவது உண்டா?

குறைவு. காரணம் எளிது: பெண்ணின் உடலுக்குள்ளேயே கருவுறுதல் நிகழும் இனங்களில், முட்டை தன்னுடையதா என்ற உறுதி ஆணுக்குக் கிடைப்பதில்லை. அந்த உறுதி கிடைக்கும் இடங்களில் தந்தையர் தோன்றுகிறார்கள். குளங்களில் வாழும் பெரிய நீர்ப்பூச்சிகளில் ஒரு பிரிவில் பெண் தன் முட்டைகளை ஆணின் முதுகில் ஒட்டிவிட்டுப் போய்விடும். அமெரிக்க இனம் ஒன்றை ஆராய்ந்த ஸ்மித் 1979ஆம் ஆண்டில் தெரிவித்தது என்னவென்றால், ஆண் முதலில் இணைந்த பிறகே முட்டையிட இடம் கொடுக்கிறது. சில முட்டைகள் இட்டதும் நிறுத்தி மறுபடி இணைகிறது. இப்படியே மாறி மாறி முதுகு நிறையும் வரை செல்கிறது. சுமக்கப்போவது தன் பிள்ளையைத்தான் என்பதை அது வாயிலில் நின்று உறுதி செய்துகொள்கிறது. பிறகு நீர்மட்டத்துக்கு வந்து உடலை அசைத்து முட்டைகளுக்குக் காற்றூட்டுகிறது. அவை முதுகில் இருக்கும்வரை அதனால் சரியாக நீந்தி வேட்டையாட முடியாது.

இதே குடும்பத்தின் ஜப்பானிய இனத்தில், செடித்தண்டில் இடப்பட்ட முட்டைகளை ஆண் காக்கும்போது வேறொரு பெண் வந்து அவற்றை அழித்து, அதே ஆணைத் தன் முட்டைகளுக்குக் காவலாக்கிக்கொள்வதும் உண்டு. நல்ல தந்தை கிடைப்பது அவ்வளவு அரிதாகப் போய்விட்டது.

தாயையே தின்னும் சிலந்திக் குஞ்சுகள் உண்டாமே?

ஆம். முள்மரங்களிலும் வேலிக் கம்பிகளிலும் அழுக்குப் பஞ்சு போன்ற கூட்டு வலைகளில் நூற்றுக்கணக்கில் சேர்ந்து வாழும் ஸ்டெகோடிஃபஸ் சிலந்திகள் தென்னாப்பிரிக்காவில் உண்டு. தாய் முதலில் தான் செரித்த உணவைக் கக்கி ஊட்டுகிறது. இறுதியில் குஞ்சுகள் அதன் உடலையே உறிஞ்சி உண்கின்றன. இது குஞ்சுகளின் வன்முறை என்று எண்ண வேண்டாம். நெருங்கிய இனமொன்றில், குஞ்சுகள் பொரிக்கும் காலத்திலேயே தாயின் குடல் உள்ளுக்குள் கரையத் தொடங்குவதைக் கண்டிருக்கிறார்கள். அடுத்த ஈட்டுக்கு வாய்ப்பு மிகக் குறைவு என்னும்போது, உடலைச் சேமித்து வைத்து என்ன பயன்? கூட்டு வலையில் வாழும் இனத்தில், முட்டையிடாத கன்னிப் பெண்களும் உறவினரின் குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன, அவையும் உண்ணப்படுகின்றன.

தன் குஞ்சையே தின்னும் தாயும் உண்டா? அது தாய்மைக்கு எதிரானதல்லவா?

வடபுல நாடுகளில், செத்த எலியையும் குருவியையும் புதைத்து அதில் குஞ்சு வளர்க்கும் வண்டுகள் உள்ளன. இணை இரண்டும் சேர்ந்து, பொரித்த குஞ்சுகளுக்கு வாயால் ஊட்டுகின்றன. தேவைக்கு மேல் முட்டையிட்டு, குஞ்சுகள் வந்து சேர்ந்த பிறகு பிணத்தின் அளவுக்கு மிஞ்சியவற்றைத் தின்றுவிடுகின்றன. சிறிய எலியென்றால் அதிகம் தின்னும், பெரிய எலியென்றால் குறைவாகத் தின்னும். மண்ணில் பரவிக் கிடக்கும் முட்டைகளில் எத்தனை பொரிக்குமென்று முன்கூட்டி அறிய முடியாததால், கணக்கைப் பிற்பாடு சரிசெய்கின்றன. நமக்கு ஒவ்வாததாகத் தோன்றலாம். எல்லாவற்றையும் விட்டுவைத்தால் எல்லாமே அரைவயிற்றோடு சிறுத்துப்போகும்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பது பூச்சிக்கும் பொருந்துமா?

பாதிதான் பொருந்தும். வால்முனையில் இடுக்கி கொண்ட இயர்விக் என்னும் பூச்சியில் தாய் முட்டைகளை நக்கி நக்கிப் பூஞ்சையின்றிக் காக்கிறது. ஆனால் அயலாளின் முட்டைகளைக் கொண்டுவந்து வைத்தாலும் அதே அக்கறையோடு நக்குகிறது. மண்ணுக்கடியிலுள்ள அதன் கூட்டில் பிறர் முட்டை வந்து சேர வாய்ப்பே அரிது என்பதால், தன்னது பிறரது என்று பிரித்தறியும் தேவை எழவில்லை போலும்.

கரும்பு துளைப்பானின் முடிவுகளை அறிவதால் விவசாயிக்கு என்ன பயன்?

நேரடிப் பயன் உண்டு. கரும்பைத் துளைப்பது எல்டானா என்ற அந்துப்பூச்சியின் புழு. அந்தப் பூச்சியின் சொந்த வீடு ஆற்றங்கரைக் கோரைகள். அங்கிருந்து நட்டால் கரும்புக்குக் குடியேறியது. தாய் முட்டைகளைப் பச்சை இலையில் இடுவதில்லை, காய்ந்த தோகையின் மடிப்புகளுக்குள் செருகுகிறது. மறைவிடம்தான் அதன் முதல் அளவுகோல். ஆகவே தோகை உரிப்பதும், கரும்பை முற்றவிடாமல் உரிய காலத்தில் வெட்டுவதும் முட்டையிடும் இடங்களையே குறைத்துவிடும். மவுண்ட் எட்ஜ்கோம்பிலுள்ள கரும்பு ஆராய்ச்சி நிலையம் இன்னொரு வழியையும் ஆராய்ந்து பரிந்துரைத்தது: பூச்சியை விரட்டும் மணமுள்ள வெல்லப்பாகுப் புல்லை வயலோரம் வளர்ப்பது, பூச்சி இயல்பாகவே விரும்பும் கோரைகளை ஈரநிலங்களில் மீட்டெடுத்து அதை அங்கே ஈர்ப்பது. பாட்டன் பாட்டி வெயிலில் கை கிழியத் தோகை உரித்த அந்த வேலைக்கு இப்படியொரு விளக்கம் இருப்பதை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மாம்பழ ஈயும் கொசுவும் முட்டையிடும் இடத்தை எப்படி முடிவு செய்கின்றன?

மத்தியதரைக்கடல் பழ ஈ என்று பெயர் பெற்றிருந்தாலும் அது ஆப்பிரிக்க ஈதான். பழத்தில் முட்டையிட்ட பின் முட்டையிடும் குழலைத் தோலின்மேல் இழுத்துச் சென்று ஒரு வேதிக்குறி பூசுகிறது. அடுத்து வரும் ஈ அதை உணர்ந்து பெரும்பாலும் விலகிப்போகும். ஏடிஸ் கொசு நீரில் இடாமல், நீர்விளிம்புக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் முட்டையிடும். அந்த முட்டைகள் உலர்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால், பூந்தொட்டித் தட்டின் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, ஓரத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

பெண்ணின் முடிவில் ஆண் தலையிட முடியுமா?

பழப்பூச்சி எனப்படும் டிரோசோஃபிலாவில் முடியும். இணையும்போது ஆணின் விந்துநீரில் செல்லும் ஒரு சிறு புரதம், பெண்ணைப் பிற ஆண்களை மறுக்கவும் முட்டையிடுதலை விரைவுபடுத்தவும் தூண்டுகிறது. அப்போதும் இடத்தைத் தேர்வது பெண்ணே. ஒட்டுண்ணிக் குளவிகளைக் கண்ணால் கண்டுவிட்டால், குஞ்சுகளுக்குக் காப்பாக அமையும் சாராயம் மிகுந்த உணவைத் தேடி முட்டையிடுகிறது. இது 2013ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு.

இவை ஏமாறுவதுண்டா?

அடிக்கடி ஏமாறுகின்றன. மேஃபிளை என்ற குறுவாழ்நாள் பூச்சியும் தும்பிகள் சிலவும் நீர்ப்பரப்பை அடையாளம் காண்பது, அதிலிருந்து கிடைமட்டமாகத் தளவிளைவுற்று, அதாவது ஒரே தளத்தில் அதிர்ந்து, வரும் ஒளியைக் கொண்டு. கறுத்த தார்ச்சாலையும் பளபளக்கும் காரின் மேற்பரப்பும் அதே ஒளியை இன்னும் வலுவாகத் திருப்பியனுப்புகின்றன. ஆகவே மேஃபிளைகள் ஆற்றை விட்டு ஈரமற்ற தாரின்மேல் முட்டைகளைக் கொட்டுவதைக் கண்டிருக்கிறார்கள். பல இலட்சம் ஆண்டுகளாகப் பொய்க்காத விதி அது. அப்போது தார் இல்லை.

பிள்ளைகள் வீட்டிலேயே செய்துபார்க்கக்கூடிய சோதனை ஏதாவது உண்டா?

நவம்பர் முதல் மார்ச் வரை வெயில் நன்றாக அடிக்கும் முற்பகலில் கறிவேப்பிலை மரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து கொள்ளுங்கள். பூச்சி எத்தனை இலைகளில் அமர்ந்தது, எத்தனையில் காலால் தட்டியது, எத்தனையில் முட்டையிட்டது என்று மூன்று பத்திகளாகக் குறியுங்கள். அடுத்த வாரம், எலுமிச்சை இலைகளை நீரில் கசக்கிப் பிழிந்த சாற்றைப் பக்கத்திலுள்ள வேறு செடியின் சில இலைகளில் பூசிவிட்டு, அதே குறிப்பை மறுபடி எடுங்கள். பூசாத இலைகளுக்கும் பூசிய இலைகளுக்கும் தட்டல் எண்ணிக்கையில் வேறுபாடு இருக்கிறதா என்று பாருங்கள். வேற்றுச் செடியில் முட்டை இட்டுவிட்டால், புழு பொரித்ததும் அதை மறக்காமல் கறிவேப்பிலைக்கு மாற்றிவிடுங்கள்.